மானமுள்ளவர்கள் மட்டும் தவணை கட்டவும்

2016 மார்ச் 2 அன்று தொழிலதிபர் விஜய் மல்லையா லண்டனுக்கு விமானம் ஏறினார். பதினேழு வங்கிகளுக்கு வட்டியும் முதலுமாக 9,000 கோடி ரூபாய் பாக்கி. கையில் தூதரகப் பாஸ்போர்ட், கூடவே மாநிலங்களவை உறுப்பினர் பதவி. "ஆளைக் கண்டால் நிறுத்தி வையுங்கள்" என்று விமான நிலையங்களுக்கு அனுப்பியிருந்த அறிவிப்பை, "கண்டால் தகவல் சொன்னால் போதும்" என்று சிபிஐ அதற்கு முந்தைய நவம்பரிலேயே தளர்த்தி வைத்திருந்தது. பெரிய மனிதர் போகும் வழியில் கயிறு கட்டினால் தடுக்கி விழுந்துவிட மாட்டாரா? அவரை வெளிநாடு போகவிடாதீர்கள் என்று கேட்டு வங்கிகள் உச்ச நீதிமன்றத்தில் நின்றபோது, அவர் போய் ஒரு வாரமாகிவிட்டது என்று அரசின் தலைமை வழக்கறிஞர் எழுந்து சொன்னார்.

அவர் பறந்து இரண்டு நாள் கழித்து, தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாடு பக்கம் ஒரு விவசாயி தன் டிராக்டரில் உட்கார்ந்திருந்தார். தனியார் வங்கி ஒன்றில் அந்த டிராக்டருக்கு வாங்கிய கடன் சில லட்சம். பெரும்பகுதியைக் கட்டிவிட்டார், கடைசித் தவணைகள் நின்றுபோயிருந்தன. போலீஸ்காரர்கள் வந்து அவரை டிராக்டரிலிருந்து இழுத்துப்போட்டு அடித்தார்கள். யாரோ கைபேசியில் படம் பிடித்ததால் நாடு பார்த்தது. டிராக்டரில் லண்டன் போக முடியாது என்று அந்தக் காவலர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு நான் பல ஆண்டுகளாக வங்கிச் செய்திகளைப் படிக்கிறேன். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. சேமிப்புக் கணக்கு ஒன்று, நகைக்கடன் ஒன்று, வீட்டுக்கடன் மிச்சம் கொஞ்சம், அவ்வளவுதான் எனக்கும் நிதித்துறைக்கும் உள்ள உறவு. ஆனால் ஒரு விஷயம் புரிந்துவிட்டது. இந்த நாட்டில் கடனுக்கு உண்மையான ஈடு நிலமோ நகையோ கிடையாது. மானம்தான் ஈடு. அது இருப்பவனிடம் மட்டுமே வசூல் நடக்கும்.

எப்படி வசூலிக்கிறார்கள் என்று நம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். குழுக்கடன் எடுத்த பெண்ணின் வாசலில் காலை ஏழு மணிக்கு வண்டி வந்து நிற்கும். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆகவே மற்ற ஒன்பது பேரும் வாசலில் வந்து உட்காருவார்கள். வசூலுக்கு வருகிற பையன் வேண்டுமென்றே குரலை உயர்த்திப் பேசுவான். பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும் வரை உயர்த்துவான். வலுக்கட்டாய வசூலைத் தடுப்பதற்கென்றே 2025-ல் தமிழகச் சட்டமன்றம் தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. வீட்டுக்கடன் நின்றால் செய்தித்தாளில் அறிவிப்பு வரும்: பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், சர்வே எண், நான்கு எல்லை, பாக்கித் தொகை பைசாவோடு. கல்யாணப் பத்திரிகையில்கூட இவ்வளவு விவரம் இருக்காது.

மல்லையாவின் வாசலில் எந்தக் குழு போய் உட்கார்ந்தது?

2017-க்கு வருவோம். அது வளமான ஆண்டு. அந்த ஏப்ரலில் பாரத ஸ்டேட் வங்கி குறைந்தபட்ச இருப்பு வைக்காதவர்களுக்கு மறுபடியும் அபராதம் போட ஆரம்பித்தது. நவம்பர் வரை எட்டே மாதத்தில் வசூலானது 1,771 கோடி ரூபாய். அந்த வங்கி ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் சம்பாதித்த லாபமே 1,580 கோடி சொச்சம்தான். கணக்கில் பணம் இல்லாத குற்றத்துக்குப் பணத்தாலேயே தண்டனை. அந்தத் தண்டனையும், பணம் இல்லாத அந்தக் கணக்கிலிருந்தே. பிறகு 2020-ல் அந்த வங்கி இதைக் கைவிட்டது. மற்ற அரசு வங்கிகள் விடவில்லை. 2024 மார்ச்சோடு முடிந்த ஐந்து ஆண்டுகளில் அரசு வங்கிகள் இந்த வகையில் வசூலித்தது ஏறக்குறைய 8,500 கோடி என்று நாடாளுமன்றத்திலேயே பதில் சொன்னார்கள். எனக்கும் அதில் பங்குண்டு. ஏதோ ஒரு வங்கியின் ஏதோ ஒரு கிளையில், என் கணக்கிலிருந்து பிடித்த நூற்றுச் சொச்சம் ரூபாயைப் பற்றிக் கேட்டேன். "சிஸ்டம் எடுக்குது சார், எங்க கையில ஒண்ணும் இல்ல" என்றார் கவுன்டரில் இருந்தவர். பாவம், உண்மையைத்தான் சொன்னார். அந்த சிஸ்டம் யாரிடம் எடுக்கிறது, யாருக்குக் கொடுக்கிறது என்பது அவர் கையில் இல்லைதான்.

அதே 2017 மார்ச்சில் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளை மாலையாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். நூறாண்டு காணாத வறட்சி. பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்டார்கள். எலியை வாயில் கவ்விக் காட்டினார்கள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, புகைப்படக்காரர்கள் வந்தார்கள். அந்த வாரங்களில்தான் ஸ்டேட் வங்கியின் தலைவரும், அடுத்து ரிசர்வ் வங்கியின் ஆளுநரும் விவசாயக் கடன் தள்ளுபடி பற்றி வருத்தப்பட்டுப் பேசினார்கள். கடன் ஒழுக்கம் கெட்டுவிடுமாம். நேர்மையாகக் கட்டும் பழக்கம் போய்விடுமாம். மண்டை ஓட்டோடு உட்கார்ந்திருப்பவனுக்கு ஒழுக்க வகுப்பு எடுக்கக் குளிர்பதன அறையிலிருந்து இரண்டு ஆசிரியர்கள்.

இனி சொல்லப்போகும் தேதிகளில் எனக்குக் கிண்டல் வரவில்லை.

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, மனு நாள். திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு கூலித் தொழிலாளி, அவர் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், நான்கு பேரும் உடலில் தீ வைத்துக்கொண்டு செத்தார்கள். கந்துவட்டி. ஒன்றரை லட்சத்துக்கும் குறைவாக வாங்கி, இரண்டு லட்சத்துக்கும் மேல் கட்டியும் கடன் தீரவில்லை என்று திரும்பத் திரும்ப மனு கொடுத்திருந்தார்கள். மறுநாள், அக்டோபர் 24, செவ்வாய்க்கிழமை. நிதியமைச்சர் அருண் ஜேட்லி டெல்லியில் அறிவித்தார்: வாராக்கடனால் நலிந்துபோன அரசு வங்கிகளுக்கு 2.11 லட்சம் கோடி ரூபாய் மூலதனம். பங்குச் சந்தை குதித்தது. திருநெல்வேலிச் சாவுகளுக்காக ஆட்சியாளர்களைச் சாடிப் படம் வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலாவை நவம்பர் 5 அன்று கைது செய்தார்கள். மனு கொடுத்தபோது மெத்தனமாக இருந்த அரசு, படம் வரைந்தபோது சென்னை வரை ஆள் அனுப்பியது.

வங்கிகளைக் காப்பாற்றியது தப்பு என்று நான் சொல்லவில்லை. வங்கி விழுந்தால் முதலில் நசுங்குவது என்னைப் போல் டெபாசிட் போட்டவன்தான். என் கேள்வி வேறு. வங்கியை நாம் தூக்கி நிறுத்தினோம். அதைக் குழியில் தள்ளியவரை யார் தூக்கினார்கள்?

அந்தப் பணம் எப்படிப் போனது என்று பாருங்கள், அதுவும் ஒரு கலை. அரசிடம் கையில் காசு இல்லை. ஆகவே கடன் பத்திரம் அச்சடித்தது. அந்தப் பத்திரத்தை வங்கியே வாங்கியது, நம் டெபாசிட் பணத்தில். அப்படி வந்த பணத்தை அரசு அதே வங்கிக்கு மூலதனமாகத் திருப்பிக் கொடுத்தது. கல்யாண வீட்டாரிடமே கைமாற்று வாங்கி, பந்தலில் உட்கார்ந்து அவர்களுக்கே மொய் எழுதுவது மாதிரி. நோட்டில் பெயர் அரசினுடையது, வட்டி மட்டும் ஆண்டுதோறும் பட்ஜெட்டிலிருந்து, அதாவது நீங்கள் வாங்கும் பிஸ்கட் பாக்கெட்டிலிருந்து. 2016-17 முதல் 2020-21 வரை இந்த வகையிலும் நேரடியாகவும் அரசு வங்கிகளுக்குள் போட்டது 3.11 லட்சம் கோடி.

சரி, வாராக்கடன் என்ன ஆயிற்று? 2014-15 முதல் ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் 14.56 லட்சம் கோடி ரூபாயைக் கணக்கேட்டிலிருந்து தள்ளி எழுதின. அதில் பாதிக்கு மேல், 7.4 லட்சம் கோடி, பெருந்தொழில் மற்றும் சேவை நிறுவனங்களுடையது. 2023-ல் மக்களவையில் கொடுத்த கணக்கு இது. எதிர்க்கட்சிகள் "தள்ளுபடி" என்று கத்தினால் நிதியமைச்சகம் கோபித்துக்கொள்கிறது. தள்ளுபடி இல்லையாம், கணக்கேட்டைச் சுத்தம் செய்வதாம், கடனாளியின் பொறுப்பு அப்படியே இருக்கிறதாம், வசூல் தொடர்கிறதாம். சந்தோஷம். அதே பதிலில் வசூல் கணக்கும் இருந்தது: தள்ளி எழுதியவற்றில் 2023 மார்ச் வரை திரும்பி வந்தது 2.04 லட்சம் கோடி. நூறு ரூபாய்க்குப் பதினான்கு. என் நகைக்கடனில் நான் நூற்றுக்குப் பதினான்கு கட்டினால் அப்ரைசர் எனக்கு டீ வாங்கித் தருவாரா?

திவால் சட்டம் 2016-ல் வந்தது. இனி ஏமாற்ற முடியாது என்றார்கள். ஏமாற்றவில்லை, எல்லாம் முறைப்படி, தீர்ப்பாயத்தின் முன்னிலையில் நடக்கிறது. 2021-ல் வீடியோகான் குழும நிறுவனங்களுக்கு வந்த ஏலத் தொகை 2,962 கோடி. ஒப்புக்கொள்ளப்பட்ட கடன் சுமார் 64,800 கோடி. கடன் கொடுத்தவர்களுக்கு நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய்கூடத் தேறாது. மும்பை தீர்ப்பாயமே தாங்க முடியாமல், இது முடிவெட்டு இல்லை, மொட்டை என்கிற அர்த்தத்தில் தீர்ப்பில் எழுதிவிட்டு ஒப்புதலும் கொடுத்தது. மேல்முறையீட்டில் அது ரத்தானது வேறு விஷயம். நம்மூர் உதாரணமும் உண்டு. சென்னையின் சிவா இண்டஸ்ட்ரீஸ் கொடுக்க வேண்டியது 4,860 கோடி சொச்சம். உரிமையாளர் தரப்பு 330 கோடிக்கும் குறைவாகக் கொடுத்து ஒரேயடியாகத் தீர்த்துக்கொள்ளக் கேட்டது. கடன் கொடுத்தவர்கள் சம்மதித்தார்கள். சென்னை தீர்ப்பாயம் முடியாது என்றது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம், கடன் கொடுத்தவர்களின் வணிக விவேகத்தில் நாம் தலையிட முடியாது என்று அனுமதித்தது. வணிக விவேகம்! ஒரத்தநாட்டில் அது எங்கே போயிருந்தது?

விவேகத்துக்கு இன்னொரு பெயர் ரிசர்வ் வங்கி. 2023 ஜூனில் அது ஒரு சுற்றறிக்கை விட்டது. பணம் இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவர்கள், மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களோடும் வங்கிகள் சமரசம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். சமரசத்துக்குப் பிறகு குறைந்தது பன்னிரண்டு மாதம் ஆறப்போட்டுவிட்டு அவர்களுக்குப் புதுக்கடன் கொடுப்பது பற்றி யோசிக்கலாம். வங்கி ஊழியர் சங்கங்களே கொதித்துப்போய் எதிர்த்தன. நம் பையன் கல்விக்கடனில் இரண்டு மாதத் தவணை தவறினால் சிபில் மதிப்பெண் போய்விடுகிறது. பைக் வாங்கப் போகும் இடத்தில் தலைகுனிய வேண்டியிருக்கிறது. மோசடிக்காரருக்கு ஒரு வருஷத்தில் பாவம் கழிந்துவிடுகிறது. சபரிமலைக்கு மாலை போட்டாலும் இவ்வளவு சீக்கிரம் கழியாது.

அடுத்து, யார் தாங்கப்படுகிறார்கள், யார் கைவிடப்படுகிறார்கள் என்ற கதை. இதைக் கரூர்க்காரர்களிடம் கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள். 2020 மார்ச் 5 அன்று எஸ் வங்கி முடங்கியது. 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்றார்கள். இரண்டு வாரத்துக்குள் ஸ்டேட் வங்கி தலைமையில் 10,000 கோடி ரூபாய் உள்ளே வந்தது. பழைய பங்குதாரர்களின் பங்கில் முக்கால் பங்கை மூன்று ஆண்டு விற்க முடியாது என்று பூட்டினார்களே தவிர, அழிக்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 17 அன்று லட்சுமி விலாஸ் வங்கி முடக்கப்பட்டது. கரூர் வியாபாரிகள் சேர்ந்து 1926-ல் தொடங்கிய வங்கி. 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது. பத்தே நாளில் சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கிக்குக் கைமாறியது. டெபாசிட் பணம் தப்பித்தது, அது நல்லது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு மிஞ்சியது பூஜ்யம், ஒரு பங்குக்கு ஒரு பைசா இல்லை. அந்த வங்கியைக் கெடுத்தது கரூரில் பத்தும் இருபதும் பங்கு வைத்திருந்த ஓய்வூதியக்காரர்களா? டெல்லிப் பக்கத்துத் தொழிலதிபர் சகோதரர்கள் இருவருக்குக் கொடுத்த கடனும் அது கிளப்பிய வழக்கும்தான் அதன் முதுகை ஒடித்தன. தாத்தா பெயரில் இருந்த பங்குப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்துக்கொள்ளலாம். அது ஒன்றுக்குத்தான் ஆகும்.

எஸ் வங்கியும் எல்லோரையும் காப்பாற்றிவிடவில்லை. அதன் 8,415 கோடி ரூபாய்க் கடன்பத்திரங்கள் ஒரே கையெழுத்தில் பூஜ்யமாயின. அவற்றில் கொஞ்சத்தை, எஃப்டியைவிட உசத்தியான எஃப்டி என்று சொல்லி வயதானவர்களின் தலையில் கட்டியிருந்தார்கள். செபி விசாரித்து அபராதமும் போட்டது. அபராதம் அரசுக்குப் போகும். தாத்தா பாட்டி நீதிமன்றத்துக்குப் போவார்கள்.

கடன் வாங்கியவர் கட்ட முடியாவிட்டால் அரசே பங்காளியாகிவிடும் அற்புதமும் நடந்தது. வோடஃபோன் ஐடியா அரசுக்குத் தர வேண்டிய பாக்கியில் 16,133 கோடியை 2023-ல் பங்குகளாக மாற்றினார்கள். 2025-ல் மேலும் 36,950 கோடி. பங்கு ஒன்று பத்து ரூபாய் என்று கணக்கு. அப்போது சந்தையில் அது ஏழு ரூபாய்க்கும் கீழே கிடந்தது. இப்போது நீங்களும் நானும் அந்தக் கம்பெனியில் 49 சதவீத முதலாளிகள். ஆனாலும் ரீசார்ஜ் கட்டணம் நமக்குக் குறையவில்லை, முதலாளி என்கிற முறையில் யாராவது விசாரித்துச் சொன்னால் நல்லது. நகராட்சியில் என் தண்ணீர் வரி பாக்கிக்குப் பதிலாக வீட்டுத் திண்ணையில் 49 சதவீதத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் பேச்சுவார்த்தைக்கே வருவார்கள்.

கடைசியாக நகைக்கடன். தமிழ்நாட்டில் ஆடி உழவுக்கும், பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும், சீமந்தத்துக்கும் ஒரே கஜானா பெண்ணின் கழுத்துதான். முன்பெல்லாம் ஆண்டு முடிந்தால் வட்டியைக் கட்டிப் புதுப்பித்துக்கொள்வோம். பிறகு முதலும் வட்டியும் முழுதாகக் கட்டி, நகையைத் திருப்பி, மறுபடி வைக்க வேண்டும் என்றார்கள். ஒரு லட்சத்தை ஒரு நாளைக்கு எங்கே போய்ப் புரட்டுவது? வங்கிக்கு எதிரிலேயே அதற்கும் ஆள் நின்றார். ஒரு நாள் கைமாற்று, நூற்றுக்கு இவ்வளவு. ரிசர்வ் வங்கியின் ஒழுங்குமுறை வாசலைத் தாண்டியதும் மீட்டர் வட்டியாகிவிட்டது. 2025 ஏப்ரலில் வந்த வரைவு விதிகள், நகை உன்னுடையதுதான் என்பதற்கு ஆதாரம் காட்டு என்றும் கேட்டன. ரசீது இல்லையென்றால் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். என் அம்மாவுக்கு அவர் அம்மா போட்டுவிட்ட தோட்டுக்கு நான் யாரிடம் ரசீது கேட்பேன்? எதிர்ப்பு கிளம்பிய பிறகு ஜூனில் கொஞ்சம் இறங்கி வந்தார்கள்.

இந்த ரசீது கேட்கும் நாட்டில்தான் நீரவ் மோடி என்ற வைர வியாபாரிக்கு மும்பை பிராடி ஹவுஸ் கிளையிலிருந்து பஞ்சாப் நேஷனல் வங்கி ஆண்டுக்கணக்கில் உத்தரவாதக் கடிதங்கள் கொடுத்துக்கொண்டிருந்தது. அவரும் அவர் மாமா மெகுல் சோக்ஸியும் சேர்ந்து 13,000 கோடிக்கு மேல். ஒப்புக்கு ஒரு கல் வைத்த மூக்குத்திகூட அடகு கேட்கவில்லை. 2018 பிப்ரவரியில் வங்கி வெளியே சொன்னபோது இருவரும் ஜனவரியிலேயே கிளம்பியிருந்தார்கள். மாமா அதற்கு முன்பே ஆன்டிகுவா தீவின் குடிமகனாகிவிட்டிருந்தார்.

அரசு வங்கிகள் இப்போது லாபத்தில் கொழிக்கின்றன, 2024-25-ல் 1.78 லட்சம் கோடி என்று பெருமை பேசுகிறார்கள். பல அரசு வங்கிகள் 2025-ல் குறைந்தபட்ச இருப்பு அபராதத்தையும் நீக்கிவிட்டன. பிடித்த 8,500 கோடியைத் திருப்பித் தருவதாக யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சமரசத்துக்குத் தயாராக இருக்கிறோம். எங்களுக்கும் வணிக விவேகம் உண்டு.

ஒன்று மட்டும் கேட்கிறேன், வாக்குக் கேட்டு வருபவர்களிடம் நீங்களும் கேளுங்கள். எங்கள் வீடு ஏலத்துக்கு வரும்போது பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், பாக்கித் தொகை பைசாவோடு செய்தித்தாளில் போடுகிறீர்களே, அதே செய்தித்தாளில், அதே எழுத்தளவில், ஐந்து கோடிக்கு மேல் தள்ளி எழுதிய ஒவ்வொரு கணக்கையும் போடுங்கள். வாங்கியவர் பெயர், தகப்பனார் பெயர், இப்போது இருக்கும் விலாசம், எவ்வளவு வாங்கினார், எவ்வளவில் தீர்த்தீர்கள், கடன் கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது யார். அச்சுக்கூலியை வேண்டுமானால் என் கணக்கில் பிடித்துக்கொள்ளுங்கள். எப்படிப் பிடிப்பது என்று உங்கள் சிஸ்டத்துக்கு நன்றாகத் தெரியும்.